ஓ'சல்லிவன் குடும்பப்பெயர்: டிப்பரேரியில் தொடங்கி பியூட் வரை

#1 கிளைவழி

அயர்லாந்தின் கேலிக் குடும்பப்பெயர்கள் வரிசையில் ஓ'சல்லிவனுக்கு ஓர் இழை வேண்டும் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். முதலில் பெயரையே பார்த்துவிடுவோம்.

ஐரிஷ் வடிவம் "ஓ ஸூலியவான்" என்று ஒலிக்கும். முன்னால் நிற்கும் "ஓ" ஆங்கிலத்தின் "ஆஃப்" அல்ல, நம் தலைப்பெழுத்துப் போன்ற சுருக்கமும் அல்ல. பேரன், வழித்தோன்றல் என்று பொருள் தரும் முழுச்சொல் அது. "மாக்" என்றால் மகன். ஐரிஷில் உயிரெழுத்தின் தலைமேல் இடும் சாய்கோடு நெடிலைக் காட்டும். நம் ஒகர ஓகார வேறுபாடு மாதிரிதான். ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்கள் அந்தக் கோட்டை எழுத்துக்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறியாக நகர்த்திவிட்டார்கள்.

பெண்களுக்குப் பெயர் மாறும். மகள் "நீ ஹூலியவான்"; மனைவி "ஈ ஹூலியவான்", அல்லது முன்னால் "பன்" (மனைவி) சேர்த்து. "நீ", "ஈ" இரண்டுக்கும் பின் ஸகரம் மென்மையாகி ஹகரமாக ஒலிக்கிறது. ஐரிஷில் எழுதிய கல்லறைக் கல்லிலோ கணக்கெடுப்புப் படிவத்திலோ இந்த வடிவத்தைக் கண்டால் வேறொரு குடும்பம் என்று தள்ளிவிட வேண்டாம்.

பொருள் விஷயத்தில் "ஸூல்" என்றால் கண் என்பதில் ஐயமில்லை. பிற்பகுதியில்தான் சண்டை. கருமையைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துக் "கருவிழியன்" என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். "ஒற்றைக்கண்" என்பது பிற்பாதியின் ஒலியைப் பிடித்துக்கொண்டு பின்னர் உருவானது. அதற்கு ஒத்தாசையாக, கேட்டவனுக்குத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த தலைவனின் கதையும் உண்டு. கதை அழகு. சொல்லாராய்ச்சிக்கு அது உதவாது.

#2 சுவடிநேசன்

மூல ஊர் பற்றி நான் சேர்க்கிறேன். இன்று ஓ'சல்லிவன் என்றதும் கார்க், கெர்ரி மாவட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தக் குலத்தின் பழைய இருப்பிடம் தெற்கு டிப்பரேரியில் ஷூர் ஆற்றங்கரை. கேர் ஊருக்கு அருகே நாக்கிராஃபன் என்ற மேடு இருக்கிறதே, அதுதான் தலைமையிடம். அயர்லாந்தின் தென்மாகாணமான மன்ஸ்டரை ஆண்ட ஓவனக்ட் அரச கிளைகளில் காஷெல் கிளையைச் சேர்ந்தவர்கள். 619-இல் இறந்த மன்ஸ்டர் மன்னன் ஃபினீனின் வழியில் ஓ'சல்லிவன்களும், அவன் தம்பி ஃபால்பெ ஃபிளானின் வழியில் மக்கார்த்திகளும் வருவதாகக் குலமரபு சொல்கிறது. மூத்தவன் வழி தாங்கள் என்ற உரிமைப்பேச்சு ஓ'சல்லிவன்களிடம் நெடுங்காலம் இருந்தது. ஆட்சி என்னவோ மக்கார்த்திகளிடம்தான் போய்ச் சேர்ந்தது.

12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் ஷூர் சமவெளியைப் பிடித்தார்கள். 1192-ஐ ஒட்டி நாக்கிராஃபனிலேயே அவர்களுடைய மண்கோட்டை எழுந்தது. நல்ல வயல் நிலத்தை விட்டு, தென்மேற்கின் பாறையும் கடலுமான தீபகற்பங்களுக்கு இவர்கள் நகர்ந்தார்கள். அங்கே இரண்டு பெரிய கிளைகள் ஆயின. கென்மேர் ஊருக்கு அருகே டன்கெரன் கோட்டையில் ஓ'சல்லிவன் மோர், அதாவது பெரிய ஓ'சல்லிவன். பேரா தீபகற்பத்தில் டன்பாய் கோட்டையில் ஓ'சல்லிவன் பேர்.

பேர் கிளைத் தலைவன் டோனல் காமின் நெடுநடை பலருக்குத் தெரிந்திருக்கும். 1602 ஜூனில் டன்பாய் ஆங்கிலப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று கிளென்காரிஃபிலிருந்து சுமார் 1,000 பேரோடு வடக்கே புறப்பட்டான். வீரர்கள் 400 பேர்தான், மற்றவர்கள் குடும்பத்தார். குளிர், பசி, வழியெல்லாம் தாக்குதல். சுமார் 400 கிலோமீட்டர் கடந்து இரண்டு வாரத்தில் லீட்ரிமில் ஓ'ரூர்க்கின் கோட்டையை அடைந்தபோது 35 பேர் மிஞ்சினார்கள். டோனல் பின்னர் ஸ்பெயினுக்குப் போய் 1618-இல் மாட்ரிட்டில் கொல்லப்பட்டான்.

இதில் ஓர் எச்சரிக்கை. கால்வே, ராஸ்காமன் பக்கம் உள்ள சல்லிவன் குடும்பங்களை "நெடுநடையில் பின்தங்கியவர்களின் வாரிசு" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது ஊர் மரபு. 1603-க்கும் அந்தக் குடும்பங்களின் முதல் தேவாலயப் பதிவுக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. மர வரைபடத்தில் போடுவதானால் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

#3 ஏடுபுரட்டி

நல்ல தொடக்கம். ஒரு சேர்க்கை: எல்லாக் கிளையும் "சல்லிவன்" என்ற பெயரோடு இல்லை. மக்கிலிகடி என்ற குடும்பம் ஓ'சல்லிவன் மோரின் கிளை. அயர்லாந்தின் மிக உயரமான கரன்டூஹில் சிகரம் (1,038 மீட்டர்) நிற்கும் மலைத்தொடர் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. ஆண்வழி மரபணுச் சோதனையில் சல்லிவனுக்கு ஒரு மக்கிலிகடி பொருந்தினால் திகைக்க வேண்டியதில்லை.

#4 நீலமலைவாசி

ஐயா, ஒரு கேள்வி. ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்தக் குலம்தானா? கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவருக்கு நினைவகமே இருக்கிறது. அவர் முன்னோர் பேரா தீபகற்பத்தார் என்று ஒரு பதிவில் பார்த்தேன்.

#5 சுவடிநேசன்

பெயர் இதே பெயர்தான். 1819-இல் நீலகிரிக்கு ஏறிப் பின்னர் ஊட்டியில் கல் வீடு கட்டிய ஜான் சல்லிவன் 1788-இல் லண்டனில் பிறந்தவர். அவருக்கும் பேரா தீபகற்பத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கண்ணி காட்டாமல் குலத்தோடு சேர்ப்பது சரியில்லை. பெயர் தென்மேற்கு அயர்லாந்தைக் காட்டுகிறது. அதற்கு மேல் பெயர் எதையும் சொல்லாது.

தமிழ்நாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இன்னொரு இடத்திலும் தடுக்கி விழுகிறார்கள். 1780-களில் தஞ்சாவூரில் ரெசிடெண்டாக (அரசவையில் கம்பெனியின் பிரதிநிதி) இருந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளிகளுக்குத் துணைநின்றவர் பெயரும் ஜான் சல்லிவன். அவர் வேறு, ஊட்டி சல்லிவன் வேறு. தஞ்சாவூர்க்காரர் பதவியில் இருந்தபோது ஊட்டி சல்லிவன் பிறக்கவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த லாரன்ஸ் சலிவன் மூன்றாமவர். கார்க் வழி வந்த அவர் பெயரில் லகரம் ஒன்றுதான். இந்த மூவரையும் ஒரே குடும்பமாக்கி வரைந்த மரங்கள் இணையத்தில் நகல் நகலாகப் பரவுகின்றன. நகலின் எண்ணிக்கை சான்றாகாது.

#6 மேலைக்கடல்

பரவல் பற்றிய எண்கள்.

1890-இல் அயர்லாந்துப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு பதிவாளர் நாயகம் அலுவலகம் குடும்பப்பெயர்களைக் கணக்கிட்டது. மர்ஃபி 62,600, கெல்லி 55,900, சல்லிவன் 43,600 என்பது மதிப்பீடு. மூன்றாம் இடம். ஆனால் மர்ஃபியும் கெல்லியும் பல இடங்களில் தனித்தனியே தோன்றித் தீவு முழுக்கச் சிதறிய பெயர்கள். சல்லிவன் அப்படியல்ல. ஐந்தில் நான்கு பங்கு கார்க், கெர்ரி இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே இருந்தது. இவ்வளவு பெரிய பெயர் இவ்வளவு சிறிய நிலத்தில் அடர்ந்திருப்பதுதான் இதன் தனித்தன்மை. தேடுகிறவரின் தலைவலிக்கும் அதுவே காரணம். இன்றும் அயர்லாந்தில் முதல் பத்துப் பெயர்களுக்குள் வருகிறது, கெர்ரியில் இதற்கு நிகரான பெயர் இல்லை.

"ஓ" போனதும் வந்ததும் தனிக் கதை. ஆங்கில ஆட்சியில் முன்னொட்டுகள் உதிர்ந்தன. 1866-இல் பிறப்புப் பதிவுகளில் "ஓ" வைத்திருந்த சல்லிவன்கள் 4 விழுக்காடு. 1890-இல் 13, 1914-இல் 20, 1944-இல் 60. 1893-இல் கேலிக் லீக் தொடங்கியபின் மொழி மறுமலர்ச்சியோடு முன்னொட்டும் திரும்பியது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் "ஓ" இல்லாத காலத்தில் போனார்கள். ஆகவே அமெரிக்காவில் சல்லிவன், அயர்லாந்தில் ஓ'சல்லிவன் என்ற பிரிவு. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பாஸ்டனில் "சல்லிவன்" ஆகவும் ஊரில் தங்கிய தம்பியின் பிள்ளைகள் "ஓ'சல்லிவன்" ஆகவும் இருப்பது சாதாரணம்.

வெளிநாட்டில் எங்கே? மாசசூசெட்ஸ் முதலில் சொல்ல வேண்டியது. அந்த மாநிலத்தின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று சல்லிவன். கார்டிஃப், நியூபோர்ட் ஆகிய தென் வேல்ஸ் துறைமுகங்களிலும் கார்க்கிலிருந்து போனவர்களால் இந்தப் பெயர் வேர்விட்டது. அப்புறம் மொன்டானாவின் பியூட். பேரா தீபகற்பத்தின் மேற்கு முனையில் ஆலிஹீஸ் செப்புச் சுரங்கங்கள் 1812-ஐ ஒட்டித் தொடங்கின. 1880-களில் அவை படுத்தபோது, தாமிரம் வெட்டத் தெரிந்த கைகள் தாமிரம் இருந்த ஊரைத் தேடிப் போயின. பக்கத்துப் பங்கான (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஐரீஸிலிருந்து 1870-க்கும் 1915-க்கும் இடையே வெளியேறிய 1,700 பேரில் 1,138 பேர் பியூட்டில் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரலாற்று ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஒரே பங்கிலிருந்து ஒரே ஊருக்கு!

அமெரிக்காவில் பல மாவட்டங்களுக்கு "சல்லிவன் கவுண்டி" என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்துக் குடியேற்றம் என்று எண்ண வேண்டாம். நியூயார்க், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலங்களில் இருப்பவை விடுதலைப் போர்த் தளபதி ஜான் சல்லிவன் நினைவாக வைத்தவை.

#7 ஏடுபுரட்டி

இனித் தேடும் முறை. அமெரிக்காவிலோ வேல்ஸிலோ வாழ்ந்த ஒரு சல்லிவனைப் பின்னோக்கித் தொடர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துப் பதிவுகளை முதலில் திறக்காதீர்கள். கையில் "டைமதி சல்லிவன், கார்க், 1850 வாக்கில்" மட்டும் இருந்தால் நூற்றுக்கணக்கான டைமதிகள் வருவார்கள், அவர்களில் மனத்துக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். பெரும்பாலான தவறான மரங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

முதலில் குடியேறிய நாட்டிலேயே டவுன்லேண்ட் பெயரைக் கண்டுபிடியுங்கள். டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு, நம் குக்கிராமம் அளவு. தீவில் 60,000-க்கு மேல் உண்டு. மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநிலப் பதிவுகள் உள்ளன. திருமண, இறப்புப் பதிவுகளில் பெற்றோர் பெயர் கிடைக்கும். குடியுரிமைக் கோப்புகள் 1906-க்கு முன்னால் பெரும்பாலும் "அயர்லாந்து" என்பதோடு நின்றுவிடும், அதற்குப் பின்னால்தான் ஊர் வரும். பாஸ்டன் பைலட் செய்தித்தாள் 1831 முதல் 1921 வரை "காணாமற்போன நண்பர்கள்" விளம்பரங்களை வெளியிட்டது. பங்கு, டவுன்லேண்ட், கப்பலேறிய ஆண்டு எல்லாம் அதில் வரும். கல்லறைக் கல், திருச்சபைத் திருமண ஏடு, இரங்கல் குறிப்பு மூன்றையும் விடாதீர்கள். தேடும் ஆளுக்குக் கிடைக்காவிட்டால் அவருடைய உடன்பிறந்தோருக்கும், ஞானஸ்நானத்தில் சாட்சி நின்றோருக்கும் தேடுங்கள்.

டவுன்லேண்ட் கிடைத்தபின் அயர்லாந்துக்கு வாருங்கள். அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் குடிமைப் பதிவுகளின் படங்கள் இலவசம். பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 75 ஆண்டு, இறப்பு 50 ஆண்டு கடந்தவை திறந்திருக்கும். பதிவு 1864-இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் மட்டும் 1845 முதல். பழைய பிறப்புகளுக்கு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இராது. படத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சல்லிவனுக்கு அந்தப் பெயர் உயிர்நாடி. தகப்பன் பெயரை வைத்து இரண்டு வீடுகளைப் பிரிக்க முடியாத இடத்தில் தாயின் பெயர் பிரித்துக் கொடுக்கும்.

பிறந்த தேதியில் ஒரு பொறி உண்டு. கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். குழந்தை பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஞானஸ்நானம் ஆனதாக ஏடுகள் காட்டினால் தேவாலய ஏட்டை நம்புங்கள்.

வயதும் அப்படித்தான். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் 1909-இல் முதியோர் ஓய்வூதியம் 70 வயதுக்கு வந்தது. 1901-இல் 56 என்றவர் 1911-இல் 71 என்று நிற்பார். ஆள் வேறோ என்று பிரித்துவிடாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் பெயரும் டவுன்லேண்டும் ஒத்துவந்தால் அதே ஆள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளை எதிர்பார்க்க வேண்டாம். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் தீயில் போயிற்று. 1861, 1871 அதற்கு முன்பே அழிக்கப்பட்டன, 1881, 1891 முதல் உலகப்போர் காலத்தில் கூழாக்கப்பட்டன.

அந்த இடைவெளியை நிரப்புவது கிரிஃபித் நிலமதிப்பீடு (1847 முதல் 1864). கார்க், கெர்ரிக்கு 1850-களின் தொடக்கம். குத்தகைதாரர் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி மக்கள் இரார். ஆனால் மதிப்பீட்டுத் துறை பின்னர் திருத்தி வந்த ஏடுகள் அதைவிட மேல்: குத்தகை கைமாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு வண்ண மையில் புதிய பெயரும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். பெயர் மாறிய ஆண்டை ஒட்டி இறப்புப் பதிவைத் தேடினால் தகப்பன் கிடைப்பார்.

தேவாலய ஏடுகளுக்கு: தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான கத்தோலிக்க ஏடுகளை 2015-இல் இணையத்தில் இலவசமாக ஏற்றியது. பேரா குடும்பங்களுக்கு கார்க் மற்றும் ராஸ் மறைமாவட்டத்தில் பாருங்கள்.

#8 கிளைவழி

ஏடுபுரட்டி எழுதியதோடு பெயர் வடிவம் பற்றி ஒன்று. தேடுபெட்டியில் "சல்லிவன்" மட்டும் போட்டால் பல தளங்கள் "ஓ'சல்லிவன்" தராது. முன்னொட்டு இல்லாமல் ஒருமுறை, மேற்கோள் குறியோடு ஒருமுறை, இடைவெளி விட்டு ஒருமுறை என மூன்று தடவை தேட வேண்டும். லகரம் ஒன்று, இரண்டு. நடுவில் இகரம், எகரம். இந்த மாற்றங்களுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். அமெரிக்கக் கப்பல் பட்டியல்களில் "ஓ" நடுப்பெயரின் முதலெழுத்தாகப் பதிவான இடங்களும் உண்டு. "ஜான் ஓ. சல்லிவன்" என்று கண்டால் அவருக்கு ஓவன், ஆலிவர் என்று நடுப்பெயர் தேடி அலைய வேண்டாம்.

#9 சுவடிநேசன்

முதற்பெயர்கள் குலப்பெயரைவிடக் குழப்பும். வீட்டில் ஐரிஷ், ஏட்டில் லத்தீன், அரசுப் பதிவில் ஆங்கிலம் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர். வீட்டில் டைக் என்று அழைத்தவர் ஏட்டில் தாடேயுஸ், பதிவில் டைமதி. டியர்மட் என்பவர் ஜெரமையா, சில இடங்களில் டார்பி. கொனஹோர் கொர்னீலியஸ் ஆவார், ஓவன் யூஜின் ஆவார். ஃபினீன் என்ற ஆண்பெயர் ஃபுளோரன்ஸ் ஆகும். மேற்கு கார்க்கில் 19-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் சல்லிவன் என்றால் அநேகமாக ஆண். கணினிப் பட்டியல் தயாரித்தவர்கள் இவர்களைப் பெண்ணாகப் பதிந்திருப்பதும் உண்டு. பாலினத்தை வடிகட்டித் தேடாதீர்கள். ஹனோரா, நோரா, ஹொனோரா ஒரே பெயர். ஜொஹானா, ஹன்னா ஒரே பெயர். ஷீலா ஜூலியாவாக வருவாள்.

மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்ற வழக்கம் நம் ஊரிலும் பழகியதுதான். அதன் விளைவைப் பாருங்கள்: டேனியலுக்கு ஐந்து மகன்கள் என்றால், ஐந்து பேருக்கும் மூத்த மகன் டேனியல். ஒரே டவுன்லேண்டில் ஒரே வயதில் ஐந்து டேனியல் சல்லிவன்கள். இதைப் பிரிக்கத்தான் அடைமொழி. தகப்பன் பெயரை ஒட்டவைப்பார்கள். அல்லது பான் (வெளிர்முடி), ருவா (செம்முடி) போன்ற அடையாளம் தலைமுறை தாண்டி வீட்டுக்கே நிலைத்துவிடும். கிரிஃபித் மதிப்பீட்டில் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அது நடுப்பெயர் அல்ல, தகப்பன் பெயரோ அடைமொழியோதான். அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் நகலெடுத்தால் கையில் இருந்த ஒரே திறவுகோலையும் எறிந்ததாகிவிடும்.

#10 மேலைக்கடல்

மரபணுச் சோதனை செய்கிறவர்களுக்கு. ஆண்வழிச் சோதனையில் மன்ஸ்டரின் பழைய குடும்பங்களில் பலரும் சி.டி.எஸ்.4466 என்ற கிளைக்குள் விழுகிறார்கள். "தெற்கு ஐரிஷ்" என்று அழைப்பது இதைத்தான். 37 குறிப்பான் (ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுப் புள்ளி) சோதனை இங்கே போதாது. சல்லிவன், மக்கார்த்தி, ஓ'டனஹூ எல்லாரும் ஒரே குவியலாக வந்து நிற்பார்கள். குறைந்தது 111 குறிப்பான், முடிந்தால் ஒய் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் சோதனை. அதிலும் சல்லிவன்கள் ஒரே கிளையில் சேர்வதில்லை. தத்து, தாய்வழிப் பெயர், தலைவன் பெயரைக் குடிகள் ஏற்றது என்று பல வாயில்களால் ஒரு பெயருக்குள் ஆட்கள் வந்திருக்கிறார்கள். குலப்பெயர் பொதுவாக இருப்பதும் குருதி பொதுவாக இருப்பதும் வேறு வேறு.

தாய், தகப்பன் இரு பக்க உறவையும் காட்டும் இருவழிச் சோதனையில் வேறு சிக்கல். மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவில் பத்தில் ஒருவருக்கும், நான்காம் நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் பொருத்தமே காட்டாது. மறுபுறம், பேரா போன்ற ஒதுங்கிய தீபகற்பத்தில் தலைமுறைகளாகப் பக்கத்து டவுன்லேண்டுக்குள்ளேயே கொண்டான் கொடுத்தான். ஒருவரோடு நான்கு வழியில் உறவு என்றால் பகிரும் அளவு கூடிக் காட்டும், நிரல் சொல்லும் உறவைவிட உண்மை உறவு தள்ளி இருக்கும். மொத்த அளவைப் பார்க்காமல் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகள் பல என்றால் பழைய உறவு.

#11 நீலமலைவாசி

நன்றி. ஏடுபுரட்டி ஐயா சொன்னபடி ஐரீஸ் பங்கின் ஞானஸ்நான ஏட்டை கார்க் மற்றும் ராஸ் பட்டியலில் தேடினேன். அந்தப் பங்கே அதில் இல்லையே?

#12 கிளைவழி

இருக்காது. #7-இன் கடைசி வரியில் பிழை. பேரா தீபகற்பத்தின் பெரும்பகுதி கார்க் மாவட்டம்தான், ஆனால் திருச்சபை எல்லை வேறு. ஐரீஸ், ஆலிஹீஸ், காசில்டவுன்பேர் மூன்றும் கெர்ரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஐரிஷ் ஜீனியாலஜி தளத்திலும் தேவாலயப் பதிவில் "கெர்ரி" என்று தேர்ந்தெடுக்க வேண்டும், குடிமைப் பதிவில் "காசில்டவுன்" பதிவு வட்டம். தீபகற்பத்தின் வடகரையில் டூசிஸ்ட் பங்கு மாவட்டத்தாலும் கெர்ரி. அதன் குடிமைப் பதிவுகள் கென்மேர் வட்டத்தில் வரும்.

#13 ஏடுபுரட்டி

கிளைவழி சொல்வது சரி, தவறு என்னுடையது. #7-இல் அந்த வரியைக் கெர்ரி மறைமாவட்டம் என்று படித்துக்கொள்ளுங்கள். நீலமலைவாசி, ஐரீஸ் ஏட்டைத் திறந்ததும் முதலில் எழுத்தின் கறுப்பைக் கூட்டிப் பாருங்கள், சில பக்கங்களில் மை வெளுத்திருக்கும். தேவாலயப் பட்டியலில் பெயர் கிடைக்காத ஆண்டுகளுக்குத் தேசிய நூலகப் படங்களில் பக்கம் பக்கமாகப் போக வேண்டியதுதான். சாட்சிகளின் பெயரையும் டவுன்லேண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது முறை திரும்பி வரும்போது அவைதான் உதவும்.